ஆள் இல்லைங்க

“என்ன மேடம் சொல்றீங்க, நாங்க வந்து ரொம்ப நேரம் ஆச்சுங்களே,” என்றது போனில் வந்த ஆண்குரல். “ரூம்லதாங்க இருக்கறோம்.”

கலைமணி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பதிவு செய்திருந்தவர்களை மத்தியானத்திலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, லாட்ஜில் வேலைக்கு ஆள் இல்லைங்க, ரூம் தர முடியாதுங்க, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. சிலர் திட்டினார்கள். மறுநாள் நல்லம்பள்ளி மண்டபத்தில் கல்யாணம், இந்த நேரத்தில் சொன்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவோம் என்று ஒருத்தி அழுதாள். எல்லாவற்றுக்கும் சொல்ல அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. வந்துவிட்டோம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். சாவிப் பலகையில் எல்லாச் சாவிகளும் அதனதன் கொக்கியில் தொங்கின. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கார்கள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

“வேற லாட்ஜுக்குப் போயிட்டீங்க போல சார்.”

“இல்லைங்க. பைபாஸ்ல பெட்ரோல் பங்கு தாண்டி, போர்டுல பாதி எழுத்து எரியாதே, அதானுங்களே? உங்க ஆளுதான் வாசல்ல நின்னு கூட்டிட்டு வந்தாரு. பையெல்லாம் அவரே தூக்கிட்டாரு. நல்ல மனுசனுங்க.”

“எந்த ஆளுங்க?”

காலிக் குழாயில் காற்று வருவதுபோல ஒரு சத்தம். பிறகு இணைப்பு அறுந்தது.

பொங்கல் கழிந்த வாரம் அது. கொரோனா மூன்றாவது அலை என்று டிவியில் சொல்லத் தொடங்கியபோது லாட்ஜில் முதலில் வேலையை விட்டு நின்றவர் சமையல்காரர். வடக்கத்திப் பையன்கள் இருவரும் திரும்பவும் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மொரப்பூரில் வண்டியேறிப் போனார்கள். பெருக்கித் துடைக்க வந்த பெண்களுக்குக் காய்ச்சல். முதலாளி மாதவராஜ் சேலத்து வீட்டில் இருந்துகொண்டு போனிலேயே லாட்ஜை நடத்தினார். நாளை ஞாயிற்றுக்கிழமை, கல்யாணங்களைத் தவிர முழு ஊரடங்கு. எல்லாரையும் வேண்டாமென்று சொல்லிவிடு என்று காலையில் உத்தரவு போட்டிருந்தார். ரிசப்ஷனில் கலைமணி மட்டும் மிச்சம்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தொப்பூர்ப் பக்கத்து மலையிலிருந்து இறங்கிய பனி சாலையை விழுங்கியிருந்தது. லாரிகளின் விளக்குகள் மட்டும் மஞ்சள் கறைகளாகத் தோன்றி, உறுமி, நீண்டு, மறைந்தன. ஆளில்லாத கட்டடத்துக்கென்று ஒரு வாசனை உண்டென்று அவளுக்கு இந்த வாரந்தான் தெரிந்தது: பினாயிலும், பூட்டிய சமையலறையில் புளித்த சாம்பாரும், காயாமல் மடித்து வைத்த போர்வைகளும், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக, மூக்கு மறுத்தாலும் தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்கிற வேறொன்றும். அந்த வேறொன்றுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுபடி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். பதிவேட்டில் தர்மன் என்று பெயர் எழுதியிருந்தது. பெங்களூரிலிருந்து மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் கல்யாணத்துக்கு வருகிறவர்.

இந்தமுறை ஒரு சின்னப் பெண் எடுத்தது. “ஹலோ.”

“பாப்பா, அப்பாகிட்ட குடு.”

“அப்பா குளிக்கறாரு ஆன்ட்டி. தண்ணி வரல. ஆனாலும் குளிக்கறாரு.”

கலைமணி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். அவளுடைய மகளுக்கும் இதே வயசுக் குரல், இதே இழுப்பு. “நீங்க இருக்கற ரூம் எப்பிடி இருக்குது பாப்பா? ஜன்னல் இருக்குதா?”

“சின்ன ஜன்னல். கம்பி போட்டிருக்கு. மெத்தை நெறையா அடுக்கி வெச்சிருக்காங்க. நானும் அக்காவும் ஏறி ஏறிக் குதிச்சோம்.” குழந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டது. “அந்த மாமா மட்டும் வெளையாட வரல. கதவுகிட்டயே உக்காந்திருக்காரு.”

அவள் போனை வைத்தாள்.

பழைய மெத்தைகள் அடுக்கிய அறை இந்த லாட்ஜில் ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது மாடி, வராந்தாவின் கடைசி. ஒரு காலத்தில் வாடகைக்கு விட்ட அறை. ஒழுகத் தொடங்கியதும் சாமான் போடுகிற இடமாகிவிட்டது. அதன் சாவி பலகையில் தொங்காது. அவளுடைய கைப்பையில், மகளின் தலைக் கிளிப்புகளுக்கு நடுவே கிடந்தது.

அந்த அறைக்குள் ஆண்டி இருந்தான்.

ஏரியூர்ப் பக்கத்து ஆள். அறைகளுக்கு விரிப்பு மாற்றுவதும், பை தூக்குவதும், வெந்நீர் கொண்டுபோவதும் அவன் வேலை. விரிப்பை உதறினால் ஒரு சுருக்கம் இருக்காது. காய்ச்சல் வந்த அன்று மாதவராஜ் நேரில் வந்தார். விஷயம் சுகாதாரத்துறைக்குப் போனால் தகரம் அடித்து லாட்ஜை மூடிவிடுவார்கள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அவனை மாடிக்கு அனுப்பினார். ஆண்டி தானாகத்தான் படியேறிப் போனான். வெளியில் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, “எதுக்குங்க சார் பூட்டு?” என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

முதலில் கலைமணிதான் கஞ்சி கொண்டுபோனாள். கதவை ஒரு சாண் திறந்து தட்டை உள்ளே தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். பிறகு மாதவராஜ், “வூட்டுல சின்னப்புள்ள வெச்சிருக்கற, அந்தக் கதவத் தொறக்காத,” என்றார். அவள் திறக்கவில்லை. கொண்டுபோன தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

இன்டர்காம் அடித்தது. அன்று ராத்திரி மாடியிலிருந்து ஆண்டிதான் பேசினான். “தண்ணி இல்லைங்க மேடம். குழாயில வரலைங்க.” காலையில் பார்க்கலாம் என்றாள். மறுபடி அடித்தது. வார்த்தைகள் குறைந்துகொண்டே போயின. கடைசியில் வெறும் மூச்சு. பிறகு, ரிசீவரைத் தரையில் தட்டுகிற சத்தம். டக். டக். டக். அவள் இன்டர்காமின் ஒயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

அவனுடைய மனைவி சென்னம்மாள் லாட்ஜுக்குப் போன் செய்தபோது, “டூட்டில இருக்காரும்மா. ஆள் பத்தல, லீவு குடுக்க முடியாது,” என்று சொன்னவளும் கலைமணிதான். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணக்கூடாது என்று இருந்தாள்.

மாதவராஜைக் கூப்பிட்டாள்.

“சார், மேல கடைசி ரூம்ல…”

“தொறந்தியா?”

“இல்லைங்க சார். ஆனா கெஸ்ட்டு உள்ள இருக்கறதா போன்ல சொல்றாங்க. கொழந்தைங்கல்லாம்…”

“பூட்டுன ரூமுக்குள்ள கெஸ்ட்டு எப்பிடிப் போவான்? தனியா இருந்து இருந்து உனக்கு மூளை கலங்கிப் போச்சு. சட்டர இறக்கிட்டு வூட்டுக்குப் போ. நாளைக்கு ரோட்டுல ஒரு வண்டி ஓடாது, நான் ஆளோட வரேன். வேன் ஒண்ணு சொல்லியிருக்கறேன்.”

“வேன் எதுக்குங்க சார்?”

அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்தார்கள்.

“பழைய மெத்தையெல்லாம் ஏத்தணும்ல,” என்றார் மாதவராஜ்.

அவள் எழுந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். சமையலறை விளக்கை அணைத்தாள். ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். கண்ணாடிக் கதவுவரை போய்விட்டாள்.

பின்னால் இன்டர்காம் அடித்தது.

ஒயர் மேசைமேல் சுருண்டு கிடந்தது. நுனி எதிலும் செருகியிருக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்காமல் போயிருக்கலாம். எடுத்தாள்.

“ஆன்ட்டி,” என்றது குழந்தை. இப்போது அழுகிற குரல். “வெளிய போகணும் ஆன்ட்டி. கதவு தொறக்க மாட்டேங்குது.”

கலைமணியின் மனம் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மத்தியானம் மோட்டார் போட அவள் பின்பக்கம் போயிருந்தாள். அந்த நேரத்தில் அவர்கள் வந்திருக்கலாம். ஆண்டி எப்படியோ பூட்டைக் கழற்றி வெளியே வந்திருக்கலாம். காய்ச்சல் விட்டிருக்கும். மனிதன் எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போலப் பை தூக்க வந்துவிட்டான். அப்படியென்றால் அவன் உயிரோடு இருக்கிறான். அவன் உயிரோடு இருந்தால் அவள் எதுவும் செய்யவில்லை. எதுவுமே செய்யவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

முதல் மாடியில் போர்வை வாசனை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறையின் கதவு பாதி திறந்து கிடந்தது. அதற்குமேல் படிகளில் அந்த வேறொன்றின் வாசனை தனியாக வந்தது. இனிப்பாக, கனமாக, இரண்டு மாஸ்க்கையும் தாண்டி நாக்கில் படிந்தது. மூன்றாவது மாடி வராந்தாவில் விளக்கு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் கதவுகள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின. பிள்ளைகளின் சத்தம் இல்லை. டிவி சத்தம் இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் அவளுக்கு ஒரு அடி பின்னால் வந்தது.

கடைசிக் கதவு.

பூட்டு, போட்டபடியே தொங்கியது. அதன்மேல் தூசி. கீழே அவள் வைத்துவிட்டுப் போன தட்டில் கஞ்சி காய்ந்து வெடித்திருந்தது. எறும்பு வரிசை ஒன்று தட்டின்மேல் ஏறாமல், நேராகக் கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“ஆண்டிண்ணா.”

கதவைத் தட்டினாள்.

“ஆண்டிண்ணா, தண்ணி கொண்டாந்திருக்கறேன்.”

பூட்டைத் திறந்தாள். கதவு நகரவில்லை. எதுவோ சாய்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சாய்ந்திருந்தது மெதுவாகச் சரிந்து இடம் விட்டது.

ஆண்டி கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். நீலச் சீருடை. உதடுகள் பின்வாங்கிப் பற்கள் மட்டும் தெரிந்தன. கையில் இன்டர்காம் ரிசீவர். கதவின் அடிப்பக்கத்தில் பெயின்ட் போய், மரம் போய், வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவன் விரல் நுனிகளில் மரச் சிலாம்புகள். கண்கள் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை.

மெத்தைகள் அடுக்கியது அடுக்கியபடி. அவற்றின்மேல் யாரும் ஏறிக் குதிக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

கையிலிருந்த செல்போனில் தர்மனின் எண்ணை ஏன் அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. காதில் மணி அடித்தது. அதே நொடி, கீழே, லாட்ஜ் வாசலில், பனிக்குள்ளிருந்து இன்னொரு மணி கேட்டது. கார்க் கதவுகள் திறக்கிற சத்தம். நாய் குரைத்தது.

“மேடம், நீங்களே கூப்பிட்டுட்டீங்களா,” என்றான் தர்மன் உற்சாகமாக. “கிருஷ்ணகிரி வர்றதுக்கு முன்னாடியே போன் செத்துப் போச்சுங்க. இப்பதான் கார்ல சார்ஜ் ஏத்தி ஆன் பண்ணுனேன். பனியில வழியே தெரியல. வந்துட்டமுங்க, வாசல்லதான் நிக்கறோம்.”

வராதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

திரும்பினாள்.

கதவருகே யாரும் இல்லை. தரையில் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம். ரிசீவர் மட்டும் கிடந்தது.

கீழேயிருந்து ஒரு குரல். காய்ந்த சோளத்தட்டை உரசுவதுபோல.

“வாங்க சார். வாங்கம்மா. பைய இப்பிடிக் குடுங்க. ரூம் ரெடியா இருக்குதுங்க.”

அவள் ஓடினாள். வெளியே போக ஒரே படிக்கட்டுதான். இரண்டாவது மாடிவரை இறங்கியபோது அவர்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. துடைப்ப அறைக்குள் நுழைந்து கதவை ஒட்டிக்கொண்டாள். ஒரு விரல் அளவு இடுக்கு இருந்தது.

செல்போனில் அழைப்பு இன்னும் அறுபடவில்லை. தர்மன் அதை அப்படியே சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். படியில் கேட்கிற சத்தமே அவள் கையிலும் கேட்டது: சின்னப் பெண்ணின் செருப்பு கீச்சிடுவது, மணிமேகலை, பாத்து ஏறு என்று அவன் மனைவியிடம் சொல்வது. இதில் ஒரு வார்த்தை கிசுகிசுத்தால் போதும். அவன் கேட்டுவிடுவான். ஒரே ஒரு வார்த்தை.

செல்போன் வெளிச்சம் கதவிடுக்கில் விழுந்தது. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அவர்கள் கடந்து போனார்கள். தர்மன். பட்டுப்புடவைப் பையை மார்போடு அணைத்தபடி மணிமேகலை. பெரிய பெண். எல்லாருக்கும் முன்னால் நீலச் சீருடை. இரண்டு கையிலும் பைகள். அந்தக் கால்கள் படியில் சத்தமே போடவில்லை.

கடைசியாக வந்த சின்னப் பெண் நின்றது. இடுக்கைப் பார்த்தது. கலைமணியின் கண்ணை நேராகப் பார்த்தது.

கலைமணி விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

“அம்மா, இங்க ஒரு ஆன்ட்டி நிக்கறாங்க.”

மேல்படியில் நீலச் சீருடை நின்றது. தலை மட்டும் திரும்பியது. திரும்பவேண்டிய அளவுக்கும் மேலே திரும்பியது. அந்தக் கண்கள் இடுக்கின்மேல் வந்து நின்றன. இப்போது அவை அவளைப் பார்த்தன.

“அங்க ஆள் இல்லைங்க பாப்பா,” என்றான் ஆண்டி. “நீங்க வாங்க.”

குழந்தை ஏறிப் போயிற்று.

காலடிகள் மேலே போய், வராந்தா முழுக்க நடந்து, கடைசியில் நின்றன. கதவு மூடியது. பூட்டு விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சாவி கலைமணியின் கைக்குள் இருந்தது. அது உள்ளங்கையைக் கிழித்திருந்ததை அவள் உணரவில்லை. மேலே ஒரு மாடி ஏறினால் போதும். திறந்துவிடலாம். அவள் அங்கேயே நின்று ஒரு கணக்குப் போட்டாள். அவனுக்கு நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். இனி அவளைத் தேடமாட்டான்.

அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு லேசானது. அதுதான் உண்மை. லேசானது.

இறங்கினாள். வாசலைத் தாண்டினாள். நின்றிருந்த காரின் பேனட் இன்னும் சூடாக இருந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். மேலேயிருந்து முதல் தட்டல் கேட்டது. பிறகு பல கைகள். மணிமேகலையின் குரல் யாரையோ கூப்பிட்டது. கலைமணி இரண்டு கையாலும் சட்டரை இழுத்தாள். அது துருப்பிடித்த சத்தத்தோடு இறங்கி, தட்டலை மூடியது. குனிந்து பூட்டினாள். இன்னொரு பூட்டும் இருந்தது. அதையும் போட்டாள்.

சாலைக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பனிக்கு மேலே, மூன்றாவது மாடிக் கடைசி ஜன்னலில், எப்போதோ எரிந்துபோன விளக்கு மஞ்சளாக எரிந்தது. மெத்தை அடுக்கின்மேல், ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால், நாலு பேரும் வரிசையாகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசையவில்லை. வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின.

அவர்களுக்குப் பின்னால் அவன் ஒரு வெள்ளை விரிப்பை உதறினான். அது மேலே எழும்பி, காற்றில் முழுதாக விரிந்து, மெதுவாக நாலு தலைகளின்மேலும் இறங்கியது. அவன் சுற்றி வந்தான். ஒவ்வொரு ஓரமாக இழுத்து இறுக்கிச் செருகினான். கடைசி ஓரத்தில், சின்ன உருவம் இருந்த இடத்தில், விரிப்பு சற்று நேரம் துடித்தது.

அவன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சுருக்கம் போகும்வரை நிதானமாகத் தடவினான்.